பெட்டி வந்துவிட்டது, மின்சாரம் வரவில்லை

சென்னை நங்கநல்லூரில் எங்கள் குடியிருப்பிலிருந்து ஐந்து நிமிட நடையில், சாலையோரக் காலிமனை ஒன்றில், மின்சாரக் கார்களுக்கு வேகமாக மின்னேற்றும், ஆளுயரத்துக்கும் மேலான ஒரு ஃபாஸ்ட் சார்ஜர் நிற்கிறது. பொங்கலுக்கு முந்தைய வாரம் லாரியில் வந்து இறங்கியது. அதற்கென்று சிமெண்டு மேடை கட்டினார்கள், மேலே தகரக் கூரை போட்டார்கள், இரண்டு கார்கள் நிற்கும் அளவுக்குத் தரையில் பச்சைச் சாயமும் பூசினார்கள். தொழிற்சாலையில் சுற்றிய பிளாஸ்டிக் உறையை மட்டும் இதுவரை யாரும் பிரிக்கவில்லை. சித்திரை வெயிலில் அது பொரிந்து, இப்போது நார் நாராகக் காற்றில் ஆடிக்கொண்டிருக்கிறது. காலையில் காய் வாங்கப் போகும்போதெல்லாம் அதைப் பார்க்கிறேன்; பார்க்கும்போதெல்லாம் மனம் சோர்ந்துபோகிறது.

நான் மின்சாரக் கார் வாங்கி இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. தனி வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தச் சோர்வு புரியாது. அவர்கள் வீட்டிலேயே 15 ஆம்பியர் பிளக்கில் சொருகிவிட்டுத் தூங்கப் போனால், என் கார் போன்ற நாற்பது யூனிட் பேட்டரி பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரத்தில் நிறைந்துவிடும். எங்களுடையது பன்னிரண்டு வீடுகள் கொண்ட அடுக்ககம். என் மீட்டரிலிருந்து என் வண்டி நிற்கும் இடத்துக்குக் கம்பி இழுக்கச் சங்கத்தின் ஒப்புதல் வேண்டும். அந்தப் பேச்சு மூன்று பொதுக்குழுக் கூட்டங்களாக முடியாமல் இழுத்துக்கொண்டிருக்கிறது. சென்னையின் நடுத்தரக் குடும்பங்களில் பெரும்பகுதி இப்படித்தான் அடுக்ககங்களில் வாழ்கிறது. ஆகவே வெளியில் இருக்கும் ஃபாஸ்ட் சார்ஜர் எங்களுக்கு நெடுஞ்சாலைப் பயணத்துக்கான வசதி அன்று, அன்றாடத் தேவை.

பெட்டி வந்தும் ஏன் ஓடவில்லை என்று அங்கு வந்திருந்த ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளரிடம் ஒருநாள் கேட்டேன். "மேடம், மெஷின் வாங்கறது பெரிய விஷயமே இல்ல. கரண்டு கொண்டு வர்றதுதான் வேலை" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில்தான் இந்த நகரத்தின் தாமதம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

கணக்கு எளியது. ஒன்றரை டன் ஏ.சி. ஒன்று ஏறத்தாழ ஒன்றரை கிலோவாட் இழுக்கும். 60 கிலோவாட் சார்ஜர் ஒன்று முழு வேகத்தில் ஓடினால், நாற்பது வீடுகளில் ஒரே நேரத்தில் ஏ.சி. போட்டதற்குச் சமம். நம் தெருமுனைகளில் நிற்கும் டிரான்ஸ்ஃபார்மர்களில் 250 கே.வி.ஏ. (கிட்டத்தட்ட அவ்வளவு கிலோவாட்) திறன் கொண்டவை பல; இத்தகைய ஒரு பெட்டி அதில் நான்கில் ஒரு பங்கை விழுங்கிவிடும். 120 கிலோவாட் பெட்டி இரண்டு வைத்தால் அந்தத் தெருவுக்கு மிச்சமே இருக்காது. அதனால் சார்ஜருக்கென்று 11 ஆயிரம் வோல்ட் உயரழுத்தக் கம்பியிலிருந்து தனி இணைப்பு எடுத்து, தனி டிரான்ஸ்ஃபார்மர் நிறுத்த வேண்டியிருக்கிறது. உயரழுத்தக் கேபிள் தரைக்கடியில் ஓடும் பகுதிகளில் அதற்காகச் சாலையை வெட்ட வேண்டும். வெட்டுவதற்கு அனுமதி வேண்டும். மழைக்காலம் தொடங்கிவிட்டால் பள்ளம் தோண்டவே விடமாட்டார்கள், அதுவும் சரிதான். 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அப்படிப்பட்ட கோடையில், ஏற்கெனவே இரவெல்லாம் ஏ.சி.களைச் சுமந்து கொதித்துக்கொண்டிருக்கும் டிரான்ஸ்ஃபார்மரில் இன்னொரு 60 கிலோவாட்டை ஏற்றத் தயங்குபவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சென்னையில் ஃபாஸ்ட் சார்ஜர்கள் ஏன் வணிக வளாகங்களிலேயே குவிகின்றன என்பதும் இதனால்தான். பெரிய வளாகங்களில் உயரழுத்த இணைப்பும் சொந்த டிரான்ஸ்ஃபார்மரும் முன்பே இருக்கின்றன. இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி செய்யும் ஹூண்டாய், 2024இல் நகருக்குள் தன் முதல் 180 கிலோவாட் பொதுச் சார்ஜரை அண்ணா சாலை ஸ்பென்சர் பிளாசாவில் வைத்தது. அந்தப் பெட்டி வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் வளாகம் இருக்கும் இடத்தில்தான் சார்ஜர் என்றால், வடசென்னையின் வியாசர்பாடிக்கும் தண்டையார்பேட்டைக்கும் அது எப்போது போய்ச் சேரும்? அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையத்தை வைத்துக்கொண்டு, சாம்பலையும் புகையையும் ஆண்டுக்கணக்கில் தாங்கிக்கொண்டிருப்பது வடசென்னை. வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவர்களும் அங்கே ஏராளம். அவர்கள் மின்னேற்ற அண்ணா சாலைக்கு வர வேண்டியிருப்பதை என்னால் நியாயமென்று ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

வளாகங்களில் இருப்பவையாவது ஒழுங்காகக் கிடைக்கின்றனவா என்றால், அதுவும் இல்லை. சென்ற மாதம் தென்சென்னை வளாகம் ஒன்றில், இரண்டாம் அடித்தளத்தில் இருக்கும் சார்ஜருக்குப் போனேன். பேட்டரியில் 14 சதவீதம் இருந்தது. கேபிளின் நுனியில் இருக்கும், காரில் சொருகும் 'கன்'னைத் தூக்கினேன்; அந்தக் கேபிளின் கனத்தை ஒரு கையால் தாங்க முடியாது, இடுப்பில் சாய்த்துத்தான் சொருக வேண்டும். 'டக்'கென்று பூட்டிக்கொண்டது. திரையில் கியூ.ஆர். கட்டம் வந்தது. செல்பேசியில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. ஓ.டி.பி. வந்தால்தான் செயலி திறக்கும், செயலி திறந்தால்தான் மின்சாரம் ஓடும். அங்கிருந்த காவலாளிக்கு இது பழகிப்போயிருந்தது. "ஃபோனைக் குடும்மா, மேல போயி நம்பர் வாங்கிட்டு வரேன்" என்று கை நீட்டினார். அறுபது வயதைத் தாண்டியவர். அவரை ஏறவிட மனமில்லாமல் நானே சரிவுப் பாதையில் ஏறிப்போய் ஓ.டி.பி. வாங்கி இறங்குவதற்குள், சார்ஜர் நேரம் கடந்துவிட்டதென்று கன்னை விடுவித்துவிட்டது. மூன்றாம் முறைதான் ஏறத் தொடங்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் வெள்ளத்தில் எப்படிக் கிடந்தன என்பதைப் பார்த்த ஒரு நகரத்தில், இவ்வளவு விலையுள்ள மின்கருவியை இரண்டாம் அடித்தளத்தில் வைக்க எப்படித் துணிந்தார்கள் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

எனக்கு அடுத்த கன்னில் ஒரு கால் டாக்ஸி நின்றிருந்தது. என் வண்டியில் மின்சாரம் ஏறத் தொடங்கியதும் அந்தத் தம்பியின் முகம் வாடியதைக் கண்டு ஏனென்று கேட்டேன். "ஒண்ணுமில்லக்கா, ரெண்டு வண்டி சேந்து போட்டா பாதிப் பாதியாத்தான் ஏறும். நாப்பது நிமிசத்துல கெளம்பிரலாம்னு நெனச்சேன்" என்றார். பெட்டியின் மேல் 60 கிலோவாட் என்று எழுதியிருக்கும்; இரண்டு கன்களும் ஓடும்போது ஆளுக்கு முப்பதுதான். எனக்கு அது அரைமணி நேரக் காத்திருப்பு. அவருக்கோ ஒரு சவாரி போயிற்று. 80 சதவீதத்துக்கு மேல் பேட்டரியைக் காப்பதற்காக வேகம் தானாகவே குறைந்துவிடும் என்பதால், நான் எண்பதிலேயே கழற்றிக்கொண்டு கிளம்பினேன். காத்திருப்பவர் இருக்கும்போது நூறு வரை ஏற்றுவதை நாம் எல்லோருமே விட்டுவிட வேண்டும்.

அரசுகள் கவலைப்படவில்லை என்று சொல்ல முடியாது. சார்ஜர் வைத்து நடத்த மின்விநியோக உரிமம் தேவையில்லை என்று 2018 ஏப்ரலிலேயே மத்திய மின்துறை தெளிவுபடுத்திவிட்டது. நகரங்களில் மூன்று கிலோமீட்டருக்கு மூன்று கிலோமீட்டர் கட்டத்துக்குள் ஒரு நிலையமாவது வேண்டும் என்ற வழிகாட்டுதல் அந்த ஆண்டு டிசம்பரில் வந்தது. 2023இல் பெட்ரோல் பங்க்குகளில் 7,432 ஃபாஸ்ட் சார்ஜர் நிலையங்கள் அமைக்க எண்ணெய் நிறுவனங்களுக்கு 800 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். 2024 அக்டோபரில் தொடங்கிய, மின்வாகனங்களுக்கான மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் சார்ஜர்களுக்கென்றே 2,000 கோடி இருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர், கேபிள் செலவுக்கும் அதில் மானியம் உண்டு என்பதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். பெட்டிக்கு மட்டும் பணம் கொடுத்தால் நங்கநல்லூரில் நிற்பதைப் போல உறைபோட்ட பெட்டிகள்தான் பெருகும்.

என்னைக் கேட்டால், கணக்கெடுக்கும் முறையையே மாற்ற வேண்டும். எத்தனை நிலையங்கள் வைத்தோம் என்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு பெட்டியும் சென்ற மாதம் எத்தனை மணி நேரம் இயங்கும் நிலையில் இருந்தது, எத்தனை யூனிட் வழங்கியது என்பதைப் பொதுவில் வெளியிடட்டும். மானியத்தின் கடைசித் தவணையை அந்தக் கணக்கோடு கட்டிவிடலாம். கூடவே, உயரழுத்த மின்சாரம் ஏற்கெனவே வந்து நிற்கும் பொது இடங்களிலிருந்து வேலையைத் தொடங்கலாம். மெட்ரோ நிலைய வாகன நிறுத்தங்கள் இருக்கின்றன, கோயம்பேடு, கிளாம்பாக்கம் பேருந்து நிலையங்கள் இருக்கின்றன, வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ போவதால் வடசென்னைக்கும் வழி இருக்கிறது. அங்கெல்லாம் மேற்கூரைக்குக் கீழே, தரைமட்டத்தில், சிக்னல் கிடைக்கும் இடத்தில் வைக்கலாம்.

நேற்று மாலை அந்தக் காலிமனை வழியாக வந்தேன். பெட்டிக்குப் பின்னால் இரண்டு இரும்புக் கம்பங்கள் நட்டு, டிரான்ஸ்ஃபார்மர் தாங்குவதற்கான குறுக்குச் சட்டம் பூட்டியிருந்தார்கள். கம்பத்தின் அடியில் கான்கிரீட் இன்னும் ஈரமாக இருந்தது. ஊழியர் ஒருவர் அதன்மேல் சாக்கை விரித்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.