தண்ணீர்மலையில் நான் கேட்காமல் விட்ட வரம்

டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்குப் பினாங்குத் தைப்பூசம் எவ்வளவு சோதனையான திருவிழா என்று என் தங்கச்சியோடு நடந்தபோதுதான் தெரிந்தது. பூசத்துக்கு முந்தின நாள் விடியலில் பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டிலிருந்து நகரத்தாரின் வெள்ளி ரதம் கிளம்பும். 1894-ல் காரைக்குடியிலிருந்து வந்த ரதம் அது. 2017 முதல் குயின் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோவிலிலிருந்து தங்க ரதமும் முருகனின் வேலைச் சுமந்து வருகிறது. ரதம் வரும் வழியெல்லாம் தேங்காய் குவிந்து கிடக்கும். நம்மவர்களைப் போலவே சீனர்களும் ஊதுவத்தி ஏற்றிக் கும்பிட்டு உடைப்பார்கள். ரோட்டில் தேங்காய்த் தண்ணீர் ஓடும். இரண்டு பக்கமும் தண்ணீர்ப் பந்தல்கள். மோர், சிராப், மைலோ என்று வேண்டாம் என்றாலும் கையில் திணிப்பார்கள்.

அவளுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் சொச்சம்தான் கணக்கு. சிறுநீர் நின்றுபோனவர்களுக்குக் குடிக்கிற தண்ணீர் உடம்பிலேயே தங்கிவிடும். கால் வீங்கும், நுரையீரலில் ஏறும், மூச்சு முட்டும். தேங்காய்த் தண்ணீரைத் தொடவே கூடாது. அதில் பொட்டாசியம் அதிகம். வெளியேற வழியில்லாமல் ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பையே நிறுத்திவிடும். பஞ்சாமிர்தமும் அப்படித்தான். வாழைப்பழம், பேரீச்சை, திராட்சை எல்லாமே அவளுக்குத் தடை. பிரசாதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு என் கையில் கொடுத்துவிடுவாள். வாயில் ஒரு ஐஸ் கட்டியை அடக்கிக்கொண்டு, அத்தனை பந்தல்களையும் சிரித்த முகமாகத் தாண்டி நடப்பாள். "முருகன் பிரசாதத்தைக்கூட வாயில போட முடியாம வச்சிட்டானே" என்று அம்மா பின்னால் புலம்பிக்கொண்டே வருவார்.

வியாதிக்குப் பெயர் ஐஜிஏ நெஃப்ரோபதி, சிறுநீரகத்தை மெல்லக் கெடுக்கும் நோய். பிள்ளை உண்டானபோது செய்த பரிசோதனையில் சிறுநீரில் புரதம் போவதைக் கண்டுபிடித்தார்கள். சில வருஷங்கள் மாத்திரையில் ஓடின. அப்புறம் மெஷினில் இணைப்பதற்காகக் கையில் ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைக்கும் ஃபிஸ்டுலா, வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் மெஷின். மலேசியாவில் டயாலிசிஸில் இருப்பவர்கள் 50,000 பேருக்கு மேல். புதிதாக வருகிறவர்களில் பாதிக்கு மேல் சர்க்கரை வியாதியால் வருகிறவர்கள். இறந்தவர்களிடமிருந்து கிடைக்கும் சிறுநீரகங்கள் மிகக் குறைவு. அதனால், தர முடிந்தவர் வீட்டுக்குள் யாராவது இருக்கிறாரா என்றுதான் டாக்டர்கள் முதலில் கேட்கிறார்கள்.

மாப்பிள்ளை முன்வந்தார். அவர் ரத்தம் ஏ குரூப், தங்கச்சி பி, பொருந்தவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை. நான் ஓ, பி-க்குக் கொடுக்கலாம். உடன்பிறந்தவன் என்பதால், உறவில்லாத கொடையாளர்களுக்கு வேண்டிய சுகாதார அமைச்சுக் குழுவின் அனுமதியும் எனக்குத் தேவைப்படவில்லை.

செய்தி வெளியே தெரிந்ததும் பெரியம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். "சாமி குடுத்த உடம்புப்பா. முழுசா வந்தோம், முழுசாப் போகணும். அடுத்த பிறவியில குறையோட பிறப்பே" என்றார். அதை நான் தள்ளிவிடவில்லை. பெரியம்மா என்னைத் தூக்கி வளர்த்தவர். அவர் பயம் என் மேல் உள்ள பாசத்தில் வந்தது. ஆனால் எங்கள் வீட்டில் அதற்குப் பதில் சொன்னது பெரியவர்கள் இல்லை. தேவார வகுப்பில் கண்ணப்பர் கதை கேட்டுவிட்டு வந்திருந்த என் மகள், "ஒரு கண்ணைக் குடுத்தப்ப சிவன் வாங்கிக்கிட்டாரு. ரெண்டாவது கண்ணை எடுக்கப் போனப்ப கையைப் பிடிச்சு நிறுத்திட்டாரு பாட்டி" என்றாள். என் மனைவி அதுவரை ஒரு வார்த்தை பேசாமல் இருந்தவள். "அப்ப நிறுத்துற ஆள் அங்க இருக்காங்களான்னு பாத்துட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

இருந்தார்கள். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பலரும் ஆஸ்பத்திரி கொடையாளரைப் பிடித்து இழுத்துப்போய்ப் படுக்க வைத்துவிடும் என்று நினைக்கிறார்கள். பட்டர்வொர்த்திலிருந்து ரயிலேறி கோலாலம்பூர் போய் வந்த நாட்களில் எனக்கு நடந்த பரிசோதனைகளில் பெரும்பாலானவை என்னைக் காப்பாற்றுவதற்காக நடந்தவை. தங்கச்சியைப் பார்க்கிற டாக்டர் வேறு, என்னைப் பார்க்கிற டாக்டர் வேறு. அவள் ரத்தம் என்னுடையதை எதிர்க்கிறதா என்று பார்க்கும் கிராஸ்மேட்ச், சிடி ஸ்கேன், சர்க்கரை, ரத்த அழுத்தம், இரண்டு சிறுநீரகமும் தனித்தனியாக எவ்வளவு வேலை செய்கின்றன என்கிற கணக்கு. ஏதாவது ஒன்று சரியில்லை என்றாலும் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆபரேஷனில் கொடையாளர் இறந்துபோகும் வாய்ப்பு 10,000 பேரில் ஏறக்குறைய 3 பேர் என்று மறைக்காமல் சொன்னார்கள். மிச்சமிருக்கும் ஒன்று மெல்லப் பெரிதாகி, இரண்டும் சேர்ந்து செய்த வேலையில் ஏறக்குறைய 70 சதவீதத்தைச் செய்யும் என்றும், பிற்காலத்தில் எனக்கே சிறுநீரகம் கெடும் அபாயம் கொஞ்சம் கூடுகிறது என்றும் சொன்னார்கள்.

கடைசியில் மனநல டாக்டர். தனி அறை, தங்கச்சி இல்லை, மனைவி இல்லை. தமிழ்க்காரம்மா. "தியேட்டர் வாசல்லகூட வேண்டாம்னு சொல்லலாம். மருத்துவக் காரணத்தால பொருந்தலைன்னு மட்டும்தான் நாங்க வீட்டுல சொல்லுவோம்" என்றார். அப்புறம், என் கழுத்திலிருந்த வேல் டாலரைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நீங்க குடுத்து, அது ஒத்துக்காமப் போனா உங்களுக்கு முருகன் மேல கோபம் வருமா?"

"வராது" என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. ஏனென்றால் அம்மா ஏற்கெனவே நேர்ந்துகொண்டிருந்தார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் மகன் காவடி எடுப்பான் என்று. எங்கள் குடும்பத்தில் எல்லாமே அப்படித்தான் நடக்கும். பரீட்சை, வேலை, கல்யாணம், எதுவானாலும் முருகனிடம் ஒரு ஒப்பந்தம் உண்டு. அதில் தப்பில்லை. ஆனால் என் உடம்பிலிருந்து ஒன்றை எடுத்து அந்த ஒப்பந்தத்தில் வைத்தால், விளைவு சரியில்லாதபோது நான் யாரிடம் போய்க் கணக்குக் கேட்பேன்? இந்தக் கேள்வியோடுதான் பினாங்கில் முருகன் மலைக்கோவில் இருக்கும் தண்ணீர்மலைக்குப் போனேன்.

கூட்டமில்லாத வேலைநாள் காலை. முதலில் குயின் ஸ்திரீட் மாரியம்மனைக் கும்பிட்டேன். 1833-ல் கட்டிய கோவில். பினாங்கில் இதைவிடப் பழைய இந்துக் கோவில் இல்லை. வாட்டர்பால் ரோட்டில் செட்டியார் கோவில் வாசலில் நின்று கும்பிட்டுவிட்டு மேலே நடந்தேன். பூந்தோட்டத்துப் பக்கமிருந்து வந்த குரங்குகள் என் பூத்தட்டையே பார்த்துக்கொண்டு கொஞ்ச தூரம் கூட வந்தன.

2012-ல் குடமுழுக்கு நடந்த மேல்கோவிலுக்கு 513 படிகள். அன்றைக்கு அவசரமில்லாமல் ஏறினேன். பாதியில் உட்கார்ந்தபோது இடும்பனை நினைத்தேன். அகத்தியர் கேட்டார் என்பதற்காக இரண்டு மலைகளைத் தண்டில் கட்டித் தோளில் தூக்கியவன். பழநியில் இறக்கி வைத்த மலையை மறுபடி தூக்க முடியாமல், அங்கே நின்ற சிறுவனோடு மோதி விழுந்தான். அவன் அருளாலேயே எழுந்தான். எழுந்தவன் மலைகளைத் திரும்பக் கேட்கவில்லை. தன்னைப் போலத் தோளில் சுமந்து வருகிறவர்களுக்கு அருள வேண்டும் என்றுதான் கேட்டான். சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. கேட்கவில்லை என்கிற அந்த இடம் அன்றைக்குத்தான் மனசில் உறைத்தது.

மேலே போனதும் காற்று. கீழே ஜார்ஜ்டவுன் கட்டடங்கள், அதற்கப்பால் கடல். தங்கச்சி பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனைச் சீட்டு வாங்கினேன். "உங்க பேருக்கு?" என்று கவுண்டரில் கேட்டார்கள். என் பெயருக்கும் ஒன்று வாங்கினேன், மனைவிக்காக. தீபாராதனையின்போது வழக்கம்போல "முருகா, இது நல்லபடியா முடிஞ்சா" என்று மனசு ஆரம்பித்தது. அந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. "அவ நல்லா இருக்கணும். நான் கொடுக்கிறேன். கொடுத்த பிறகு அது அவ உடம்பு, உன் இஷ்டம். அதை வச்சு உன்கிட்ட எதுவும் கேட்க மாட்டேன்" என்றேன். அவள் நலனுக்காக அழுது கேட்டேன்; உத்தரவாதம் கேட்கவில்லை. இறங்கும்போது பயம் போகவில்லை, அப்படியேதான் இருந்தது. ஆனால் டாக்டரம்மாவின் கேள்விக்குப் பதில் கிடைத்திருந்தது. மறுநாள் போன் செய்து சொன்னேன்.

ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இடது சிறுநீரகத்தை எடுத்தார்கள். அந்தப் பக்கத்து ரத்தக்குழாய் நீளமாக இருப்பதால் பெரும்பாலும் அதைத்தான் எடுப்பார்களாம். அவளுடைய பழைய இரண்டையும் அப்படியே விட்டுவிட்டு, என்னுடையதை வலது அடிவயிற்றில் வைத்தார்கள். ரத்த ஓட்டம் கொடுத்த சில நிமிஷத்திலேயே சிறுநீர் வந்ததாகச் சொன்னார்கள். வயிறு வலிக்க வலிக்க அவள் வார்டுக்கு நடந்து போனேன். நர்ஸ் அவளைத் திட்டிக்கொண்டிருந்தார், தண்ணீர் போதாது, இன்னும் குடி என்று. என் தங்கச்சி கையில் ஒரு பெரிய பாட்டில் தண்ணீர். "அண்ணே, குடிக்கச் சொல்லித் திட்டுறாங்கண்ணே" என்றாள். இரண்டு பேரும் அழுதோம்.

வீடு திரும்புமுன் பத்துமலைக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். 272 படி ஏற எனக்கு அனுமதியில்லை, கனமும் தூக்கக் கூடாது. 42.7 மீட்டர் உயர முருகன் சிலைக்குக் கீழே, புறாக்களுக்கு நடுவில், மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்று கும்பிட்டேன். அன்றைக்கு எனக்கு அதுவே போதுமாயிருந்தது.

மூன்று மாதம் போல் ஆகியிருக்கும். பாயான் லெப்பாஸில் ஷிப்டில் இருந்தபோது மாப்பிள்ளை கூப்பிட்டார். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவு ரத்தத்தில் ஏறியிருக்கிறது, சிறுநீரகத்திலிருந்து துளி சதை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி செய்யப்போகிறார்கள். அவள் உடம்பு என் சிறுநீரகத்தை எதிர்க்க ஆரம்பித்திருந்தது. முருகன் மேல் கோபம் வரவில்லை. ஆனால் வேறொன்று வந்தது, அதை எந்த டாக்டரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. மாத்திரையை ஒரு வேளை விட்டிருப்பாளோ, கண்டதைச் சாப்பிட்டிருப்பாளோ, நான் கொடுத்ததை இவள் ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளவில்லையோ என்று மனசு விசாரணை நடத்தத் தொடங்கியது. உடம்பின் எதிர்ப்பை அடக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரையை வேளை தவறாமல் சாப்பிடுகிறவர்களுக்கும் இப்படி வரும். அவள் அப்படிச் சாப்பிடுகிறவள்தான். பம்பளிமாஸ் அந்த மருந்தோடு சேராது என்று சொன்னதிலிருந்து அந்தப் பழத்தை வீட்டுக்குள்ளேயே விடாதவள். போனைக் கையில் வைத்துக்கொண்டு, தண்ணீர்மலையில் சொன்னதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன். அது அவ உடம்பு. அப்புறம்தான் அவளைக் கூப்பிட்டேன். மாத்திரையைப் பற்றிக் கேட்கவில்லை. "சாப்பிட்டியா?" என்றுதான் கேட்டேன்.

ஸ்டீராய்டு மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். எதிர்ப்பு அடங்கியது. கிரியேட்டினின் பழைய இடத்துக்கு முழுசாக இறங்கவில்லை, கொஞ்சம் மேலேயே நின்றுவிட்டது. உயிரோடு இருப்பவர் கொடுத்த சிறுநீரகம் சராசரியாக 15 முதல் 20 வருஷம் உழைக்கும் என்கிறார்கள். அவளுடையது எவ்வளவு நாள் என்று நான் கணக்குப் போடுவதில்லை.

அம்மாவின் நேர்த்திக்கடன் பாக்கி இருக்கிறதே என்று டாக்டரிடம் கேட்டேன். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் நடக்கக் கூடாது, உடம்புவலி மாத்திரைகளை இஷ்டத்துக்கு வாங்கிப் போடக் கூடாது, மற்றபடி போகலாம் என்றார். அலகுக் காவடி இல்லை, பால்குடம்தான் எடுத்தேன். அம்மாவுக்கு அது போதவில்லை என்று எனக்குத் தெரியும். போகும் வழியில் பந்தலுக்குப் பந்தல் நின்று, கொடுத்ததையெல்லாம் வாங்கிக் குடித்தேன். தங்கச்சி அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தில் இருப்பவளுக்கு அது ஆகாது. பூசம் கழிந்து, கோவில் அமைதியான ஒரு நாளில் மாஸ்க் போட்டுக்கொண்டு வந்தாள்.

இப்போது கோவிலில் யாராவது மெதுவாகப் பக்கத்தில் வருகிறார்கள். கணவருக்கு, அண்ணனுக்கு, மகளுக்கு என்று சொல்லி, கொடுக்கலாமா, சாமி ஏற்குமா என்று கேட்கிறார்கள். கொடுக்கச் சொல்லியும் நான் சொல்வதில்லை, வேண்டாம் என்றும் சொல்வதில்லை. வேண்டாம் என்று நினைத்தால் எந்த நிமிஷத்திலும் சொல்லலாம், அதற்காக முருகன் கோபிக்க மாட்டான் என்று சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் உறுப்பு மாற்று கோஆர்டினேட்டரை எப்படிப் பார்ப்பது என்று எழுதிக் கொடுக்கிறேன். அப்புறம் நோயாளியின் நட்சத்திரத்தையும், கொடுக்க நினைக்கிறவரின் நட்சத்திரத்தையும் கேட்டுக் குறித்துக்கொள்கிறேன். அடுத்த முறை மலை ஏறும்போது இரண்டு பேருக்கும் சீட்டு வாங்குகிறேன்.