மயில் கழுத்து நிறத்தைத் தேடி: சம்பங்கிக்குச் சாயம் ஏற்றிய நான்காம் முறை

நான்காம் முறையும் அந்த நிறம் வரவில்லை. அண்ணன் மகளின் முகூர்த்தத்துக்கு இன்னும் 18 நாள்களே உள்ளன. அவள் உடுத்தப்போவது ஆரணியில் எடுத்த மயில் கழுத்துப் பட்டு. நீலப் பாவில் (நெடுக்கு நூல்) பச்சை ஊடை (குறுக்கு நூல்) ஓடுவதால், அவள் திரும்பும் பக்கத்தைப் பொறுத்து ஒரு மடிப்பு நீலமாகவும் அடுத்த மடிப்பு பச்சையாகவும் தெரிகிற சேலை அது. அதற்கு இணையான பூவை மேடைக்குக் கொண்டுவருகிறேன் என்று, யாரும் கேட்காமலேயே, நானாக வாக்குக் கொடுத்துவிட்டேன். அந்த நிறத்தில் நம் சந்தையில் பூ ஏது? சங்குப்பூ நீலம்தான், ஆனால் பறித்த அன்றே சுருண்டுவிடும். ஆகவே வெள்ளைச் சம்பங்கித் தண்டுக்குச் சாயம் ஏற்றுவதில் இறங்கினேன்.

முதல் முறை நன்றாக வந்துவிட்டதுதான் இவ்வளவு தொல்லைக்கும் காரணம். சமையலறையில் கிடந்த பச்சை நிறத்தூளை வெதுவெதுப்பான நீரில் கரைத்து, ஒரு மணி நேரம் தண்ணீரின்றிக் கிடத்திய நான்கு தண்டுகளின் அடியைச் சாய்வாக நறுக்கி அதில் நிறுத்தினேன். மூன்று மணி நேரத்தில் இதழ்களின் விளிம்பில் நீலம், அதற்கு உட்புறம் இளம்பச்சை, நடுவில் வெள்ளை என்று விரிந்து நின்றன. அந்தத் தூள் டார்ட்ரசின் மஞ்சளும் பிரில்லியண்ட் புளூ நீலமும் சேர்ந்த கலவை. இரண்டும் தண்டுக்குள் ஒரே வேகத்தில் ஏறாமல் பிரிந்துவிட்டன என்றே நினைக்கிறேன்.

அதே தூள், அதே அளவு, அதே பாத்திரம். இரண்டாம் முறை சோகையான பச்சை மட்டுமே வந்தது. மூன்றாம் முறை நரம்புகள் மட்டும் கோடு கோடாகத் தெரிந்தன. இரண்டு நாள் யோசித்த பிறகுதான் காற்றின் ஞாபகம் வந்தது. தண்டு சாயத்தைக் குடிப்பது, இதழ் வழியாகவும் இலை வழியாகவும் நீர் ஆவியாகிற இழுப்பினால்தான். முதல் முறை கத்திரி வெயிலின் நடுப்பகல், நம் வேலூரின் வறண்ட அனல். அடுத்த இரண்டு முறையும் கோடை மழை பெய்து ஓய்ந்த மாலைப்பொழுது. நான்காம் முறை மின்விசிறிக்கு நேரே நிழலில் வைத்தேன். நிறம் ஏறியது, ஆனால் விளிம்பில் மட்டும் கருநீலமாகத் திட்டுக் கட்டிவிட்டது. அரை மணி முன்னதாகவே எடுத்துச் சுத்த நீருக்கு மாற்றியிருக்க வேண்டும். திறக்காத மொட்டுகள் எந்த முறையும் சரியாகக் குடிக்கவில்லை. மூன்று நான்கு பூவாவது விரிந்த தண்டாகப் பார்த்து எடுங்கள்.

இன்னொரு குறையையும் சொல்லிவிடுகிறேன். சாயம் குடித்த தண்டின் வெட்டுவாயிலிருந்து நீலம் சொட்டும். ஒரு சொட்டு என் கணவரின் வேட்டியில் விழுந்து, இரண்டு முறை துவைத்தும் பாசி நிறத்தில் அங்கேயே இருக்கிறது. பட்டுச் சேலையின் அருகில் இதைக் கொண்டுபோக முடியாது என்பதால் மாலை, சடை இரண்டிலிருந்தும் சாயப்பூவை விலக்கிவிட்டேன். மாலைக்கு ஓசூர் ரோஜாதான். 20 தண்டுக் கட்டாக முதல் நாள் இரவே வந்தால்தான் சிவப்பு சிவப்பாக நிற்கும், பழசானால் நீலம் பாய்ந்துவிடும்.

மண்டபத்துக்குப் போனபோது இதைவிடப் பெரிய அடி விழுந்தது. மேடை விளக்குகளைப் போட்டுக் காட்டச் சொன்னேன். எல்லாம் மஞ்சள் ஒளி. வீட்டு வாசலில் மயில் கழுத்தாக மின்னிய தண்டு அங்கே சாம்பல் பூசியதுபோல் ஆகிவிட்டது. மஞ்சள் விளக்கின் ஒளியில் நீலம் குறைவாக இருக்கும்போது பூ எதைத் திருப்பிக் காட்டும்?

இலைத் தட்டி பின்னணிக்கு முன்னால் அவளைச் சேலையோடு நிறுத்திப் படமெடுத்து, அலைபேசியில் கருப்பு வெள்ளையாக மாற்றியும் பார்த்தேன். சேலையும் இலையும் ஒரே சாம்பல் நிறத்தில் ஒன்றிவிட்டன. முகமும் கைகளும் மட்டும் மிதந்தன. "அத்தை, இதுல நான் எங்க இருக்கேன்?" என்று கேட்டுச் சிரித்தாள். நிறம் வேறாக இருந்தும் வெளிச்ச அளவு ஒன்றானால் உருவம் கரைந்துவிடும் என்பதை இத்தனை வருடம் மாலை கட்டியும் நான் கவனித்ததில்லை.

அதனால் பின்னணித் திட்டத்தையே மாற்றிவிட்டேன். அவளுக்கு நேர்ப் பின்னால் சாயமேற்றாத சம்பங்கியும் வெளிர்மஞ்சள் சாமந்தியும். இரு ஓரங்களில் ஆரஞ்சுச் செண்டுமல்லிச் சரங்கள். நீலத்துக்கு எதிர்நிறம் ஆரஞ்சு என்பதால் சேலையின் நீலம் தானாகவே எழுந்து நிற்கும். செண்டுமல்லியின் நிறம் மஞ்சள் விளக்கிலும் சோர்வதில்லை. சடைக்குக் கனகாம்பரம் போதும். சாயச் சம்பங்கிக்கு வெயில் விழும் வாசல் வளைவில் இடம் ஒதுக்கியிருக்கிறேன். "மங்கல காரியத்துல வாசல்லயே நீலமா?" என்று என் மாமியார் முணுமுணுக்கிறார், பச்சை என்று சொல்லிச் சமாளித்திருக்கிறேன்.

நேதாஜி மார்க்கெட்டில் நான் வழக்கமாக வாங்கும் பூக்கார அம்மா, "வெள்ளையா வாங்கிம்போயி சாயத்துல போடுறியேம்மா, பாவம் பூவு" என்று ஒவ்வொரு முறையும் கடிந்துகொண்டே, தண்டைத் தேர்ந்து கொடுக்கிறார். மாலைக்கு உதிரியாக விற்கும் ஒற்றை அடுக்குச் சம்பங்கி இந்த வேலைக்கு ஒத்துவரவில்லை. மொட்டு நுனியில் லேசான இளஞ்சிவப்பு இருந்தால் நீலம் அதன்மேல் அழுக்காகப் படிகிறது. இரட்டை அடுக்குத் தண்டுதான் கேட்டு வாங்குகிறேன். முகூர்த்த நாள் விலை நினைத்தாலே பயமாக இருக்கிறது. அதனால் வாசலுக்கு 60 தண்டுகளை இரண்டு நாள் முன்னதாகவே சொல்லி வைக்கப்போகிறேன்.

கலவைத் தூளை நம்புவதில்லை என்று முடிவெடுத்து, மஞ்சளையும் நீலத்தையும் தனித்தனியாக வாங்கிவிட்டேன். முதலில் மஞ்சளில் ஒன்றரை மணி நேரம், பிறகு நீலத்தில் அரை மணி நேரம் என்பது கணக்கு. ஒன்பது தண்டுகள் இப்போது மின்விசிறியின் முன் மஞ்சள் நீரில் நிற்கின்றன. பதினொரு மணிக்கு எழுந்து நீலத்துக்கு மாற்ற வேண்டும்.