கோயில் வாசல் துணிக்கடையும் டூரிஸ்ட்டும்

டூர் போன இடத்துல துணி எடுக்கப் போனோம், கடைக்காரன் மதிக்கவே இல்லன்னு யாராச்சும் புலம்பினா எனக்கு உடனே திருவனந்தபுரத்துல பத்மநாபசாமி கோயில் வாசல்ல இருக்க கிழக்கேகோட்டைதான் ஞாபகம் வரும். குழித்துறையில இருந்து பஸ் ஏறிப் போயி அங்க ஒரு துணிக்கடையில சேல்ஸ்ல நின்ன ஆளு நான், கவுண்டருக்கு அந்தப் பக்கம் என்ன நடக்குன்னு தெரியும்.

பத்மநாபசாமி கோயிலுக்குள்ள ஆம்பளைங்க பேன்ட் போட்டுப் போக முடியாது, வேட்டிதான், சட்டையும் கழட்டணும். பொம்பளைங்க சுடிதார் போட்டிருந்தா மேல ஒரு முண்டு, அதான் வேட்டி, சுத்திக்கணும். இது தெரியாம வந்து இறங்குறவங்க நடை சாத்துறதுக்குள்ள ஓடணும்னு மூச்சு வாங்க கடைக்குள்ள வருவாங்க, விலை கேக்கக்கூட நேரம் இருக்காது. எங்க முதலாளிக்கு அந்த அவசரம்தான் வியாபாரமே. விசைத்தறி வேட்டிய கைத்தறின்னு சொல்லிக் கொடுப்பாங்க, சின்ன சைஸா பெரிய சைஸான்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க, பில்லும் கேட்டாத்தான்.

இதுல டிரைவர் கமிஷன் வேற. வேன் டிரைவர் கூட்டிட்டு வந்த பார்ட்டின்னா அவரு பங்கும் சேத்துத்தான் விலை சொல்லுவாங்க, அப்ப பேரம் பேசினா கல்லாவுல இருந்து சுள்ளுன்னுதான் பதில் வரும், கொறைக்க அங்க இடமே இல்லையே.

ஜாஸ்தி சண்டை வர்றது கேரளாப் பொம்பளைங்க சேலை மாதிரி கட்டுற செட் முண்டு பிரிச்சுக் காட்டுறதுலதான். அது ரெண்டு பீஸு, இடுப்புல கட்டுற முண்டு தனி, மேல போடுற நேரியது தனி. வெளியூர் அக்காமாருக்கு கசவு, அதான் சரிகைக் கரை, எவ்வளவு அகலம், ரெண்டுலயும் ஒரே மாதிரி ஓடுதான்னு பாக்கணும், நியாயந்தானே. ஆனா கஞ்சி போட்ட துணிய ஒருதடவை பிரிச்சா பழைய மடிப்பு வராது, அடுத்த ஆளு "இது யாரோ பாத்துப் போட்டதுல்லா"ன்னு தள்ளி வச்சிடுவாங்க. அதான் "எடுக்கதா இருந்தா சொல்லுங்கக்கா, பிரிக்கேன்"னு சொல்லச் சொல்லி எங்களுக்கு ஆர்டர். கேக்குறவங்களுக்கு மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்கும். ஒரே ஒரு பீஸை சாம்பிளுக்குன்னு பிரிச்சு வச்சிருந்தா தீர்ற பிரச்சனை, சொன்னா முதலாளி கேக்க மாட்டாரு.

மூஞ்ச தூக்கி வச்சிட்டு நிக்கிறாங்கன்னு எங்களைச் சொல்றதுக்கும் காரணம் உண்டு. கடையில வேலை பாக்குறவங்க உக்கார சீட் கொடுக்கணும்னு கேரளாவுல 2018லயே சட்டத்தைத் திருத்திட்டாங்க, கோழிக்கோட்டுல கடைப் பெண்கள் போராடினதால வந்தது அது, தமிழ்நாட்டுல 2021ல வந்துச்சு. எங்க கடையிலயும் ஸ்டூல் வந்துச்சு, ஆனா உக்காந்தா கேமராவுல பாத்துட்டு போன் வரும். சாயங்காலம் ஆனா கால் வீங்கி நிக்கிறவன் எங்க இருந்து சிரிப்பான்?

ஒருதடவை நேரியதுல எண்ணெய்க் கறைன்னு கன்னியாகுமரி போனப்புறம் ஒரு குடும்பம் போன் பண்ணுச்சு. "விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது, போர்டு பாக்கலியா"ன்னு கேஷியர் போனை வச்சிட்டாரு. 2019 நுகர்வோர் சட்டப்படி குறையுள்ள பொருளை பில்லுல போட்டிருக்க நாளுக்குள்ள, நாளே போடலன்னா 30 நாளுக்குள்ள, திரும்ப எடுக்காம இருக்கக் கூடாது. போர்டு மாட்டினா சட்டம் மாறிடுமா? ஆனா வேன்ல போறவங்க திரும்பி வந்து கேஸா போடப் போறாங்க, அதான் அவரு தைரியம்.

இந்தக் கணக்கே தப்புன்னுதான் நான் சொல்லுவேன். சபரிமலை சீசன்ல ஆந்திரா சாமிமாரு வருசா வருசம் வர்றாங்க, கூட்டிட்டு வர்ற குருசாமி பெரும்பாலும் அதே ஆளுதான். ஒருதடவை கடுப்பேத்தி அனுப்பினா அடுத்த வருசம் மொத்த வண்டியும் பக்கத்துக் கடையில நிக்கும். டூரிஸ்ட் திரும்ப வர மாட்டான்னு யாரு சொன்னது?

இப்ப எங்க ஊர்ல இருந்து யாராவது அந்தக் கோயிலுக்குப் போறேன்னா வேட்டிய வீட்ல இருந்தே எடுத்துட்டுப் போகச் சொல்லிடுறேன். செட் முண்டு வேணும்னா போற வழியில பாலராமபுரத்துல இறங்கி கைத்தறி சொசைட்டியில எடுங்கம்பேன். திருவிதாங்கூர் மகாராஜா காலத்துல தமிழ்நாட்டுப் பக்கமிருந்து போன சாலியர் நெசவாளிங்க ஊரு அது, கைத்தறி முத்திரை இருக்கான்னு பாத்து பில்லோட வாங்குங்க, ரெண்டு பீஸையும் பிரிச்சே காட்டுவாங்க.