பஞ்சிகாவத்தையில் மயில்கழுத்து நிறம்

மருதானை ரயில் நிலையத்திலிருந்து பஞ்சிகாவத்தைக்கு நடந்தே போய்விடலாம். வாகன உதிரிப்பாகம் என்றால் கொழும்பில் முதலில் சொல்லப்படும் பெயர் அதுதான். மச்சானின் லொறிக்குக் கிளச் பிளேட் வாங்க வேண்டியிருந்தது. நான் வேடிக்கை பார்க்கக் கூடவே போனேன். காலிமுகத் திடலைவிட எனக்கு இந்தத் தெருக்கள்தான் பிடிக்கும்.

கடைசல் பட்டறை (லேத் பட்டறை) ஒன்றின் வாசலில் கழற்றிப் போட்ட பிரஷர் பிளேட்டுகள், அதாவது கிளச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் இரும்புத் தட்டுகள், குவிந்து கிடந்தன. பட்டறைக்காரர் ஹட்டன் பக்கத்துக்காரர். ஒன்றை எடுத்துத் திருப்பிக் காட்டி, "இது மலையே ஏறாத வண்டி, தம்பி. காலி வீதியிலேயே வெந்தது" என்றார். தேய்ந்த முகத்தில் மயில்கழுத்து நிறத்தில் வட்ட வட்டமாகப் புள்ளிகள். சூடேறிய இரும்பில் படியும் மெல்லிய ஒட்சைட்டுப் படலம்தான் அந்த நிறம். நீலம் தெரிந்தால் ஏறத்தாழ 300 பாகை செல்சியசைத் தொட்டிருக்கிறது என்று கொள்ளலாம்.

முகம் முழுவதும் ஒரே சீராக நீலமாகாமல் புள்ளிபுள்ளியாக ஏன் ஆகிறது? இதுதான் எனக்குப் பெரிய சுவாரசியம். கொஞ்சம் மேடான இடம் அதிகம் உரசுகிறது. உரசச் சூடேறுகிறது, சூட்டில் விரிந்து இன்னும் மேடாகிறது, அதனால் இன்னும் அதிகமாக உரசுகிறது. உரசும் வேகம் ஓர் எல்லையைத் தாண்டினால் இந்தச் சுழல் அடங்காது. ஜே. ஆர். பார்பர் என்ற ஆய்வாளர் 1969இல் இதைக் கணிதத்தோடு விளக்கினார். 700 பாகையையும் தாண்டிச் சிவந்த புள்ளியைச் சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பு சட்டென்று ஆறவைத்தால், அந்த இடம் மட்டும் மார்ட்டென்சைட் என்ற மிகக் கடினமான வடிவமாக இறுகிவிடும். கடைசல் உளி அங்கே வந்ததும் துள்ளுவதைக் கண்ணால் பார்த்தேன்.

சமதரையான கொழும்பில் கிளச் வெந்துபோகக் காரணம் நெரிசல். நின்ற வண்டியைக் கிளம்பச் செய்யும்போது, வண்டி பெறும் இயக்கசக்திக்கு ஏறத்தாழச் சமமான வெப்பம் கிளச்சிலும் பிறக்கிறது. வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டி வரை பாதிக் கிளச்சில் ஊர்ந்தால் என்ன ஆகும்? காற்றுப் படாத கூட்டுக்குள் இருக்கும் தட்டு ஆற வழியில்லை.

சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிரம்கள் வேறு கதை. அவை மலையிலிருந்து வருகின்றன. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். 12 தொன் பஸ் ஒன்று அங்கிருந்து கொழும்புக்கு இறங்கினால் சுமார் 220 மெகாயூல் சக்தி எங்காவது போய்த் தீரவேண்டும். 60 கிலோமீற்றர் வேகத்திலிருந்து அதே பஸ்ஸை 130 தடவை நிறுத்துவதற்குச் சமம் அது. கீழ் கியரில் இறங்குபவரிடம் இதில் பெரும் பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்கிறது. நேரத்தை மிச்சம்பிடிக்கிற ஓட்டுநரிடம் எல்லாம், பிரேக் சூவின் மேல் ஒட்டிய உராய்வுப் பட்டையான லைனிங் தலையில். லைனிங்கைப் பிணைத்திருக்கும் பிசின் சிதைந்து வாயு கக்கும், டிரம் விரிந்து பிரேக் சூவை விட்டு விலகும். எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. பட்டறையில் கிடந்த டிரம் ஒன்றின் உட்புறம் முழுக்க வெப்ப வெடிப்புகள். அதைக் கடையச் சொல்லி வந்தவரைப் பட்டறைக்காரர் திட்டியே அனுப்பினார்.

மச்சானும் தன் பழைய பிரஷர் பிளேட்டைக் கடைந்து தரச்சொல்லிக் கேட்டுப் பார்த்தான். நீலப் புள்ளிகளை ஒருதரம் பார்த்துவிட்டு, "புதிதாகவே வாங்குங்கள்" என்று எதிர்க்கடையைக் காட்டினார். விலை பேசி முடிக்கப் பகல் சாப்பாட்டு நேரமும் தாண்டிவிட்டது.