350 இன்ஜினை 383 ஆக்குவது
செவ்ரோலே நிறுவனத்தின் 350 கன அங்குல வி-எட்டு இன்ஜினைப் பிரித்துக் கட்டும்போது, 4 அங்குல விட்டமுள்ள சிலிண்டர்களை 4.030 அங்குலமாகப் போரிங் செய்வதால் (உட்புறத்தைக் கடைந்து அகலப்படுத்துவதால்) மட்டும் கொள்ளளவில் கூடுவது ஏறத்தாழ 5 கன அங்குலமே. அதனுடன் செவ்ரோலே 400 இன்ஜினின் கிராங்க் ஷாஃப்டையும் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டையும்) பொருத்தி, ஸ்ட்ரோக்கை, அதாவது பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரத்தை, 3.48 அங்குலத்திலிருந்து 3.75 அங்குலமாக நீட்டினால்தான் கொள்ளளவு 383 கன அங்குலத்தை, அதாவது சுமார் 6.3 லிட்டரை, எட்டுகிறது. அந்த கிராங்க் 350 பிளாக்கில் (இன்ஜினின் உடற்பகுதியில்) பொருந்த, அதன் பருத்த மெயின் ஜர்னல்களை, அதாவது பேரிங்குகளில் அமர்ந்து சுழலும் பகுதிகளை, 2.65 அங்குலத்திலிருந்து 2.45 அங்குலத்துக்குக் கடைந்து குறைக்க வேண்டும். கனெக்டிங் ராடுடன் (பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் தண்டுடன்) பிஸ்டனைப் பிணைக்கும் பின்னுக்கான (pin) துளை சற்று மேலே அமைந்த பிஸ்டன்களும் தேவை.

நான் மிகவும் வலியுறுத்துவது இடைவெளிச் சோதனையை. கிராங்கைக் கையால் மெல்லச் சுழற்றினால், கனெக்டிங் ராடின் போல்ட் தலை சிலிண்டரின் அடிவிளிம்பை உரசும் இடம் பளிச்சென்று தெரியும். அங்கே சுமார் 1.5 மில்லிமீட்டர் இடைவெளி கிடைக்கும்வரை பிளாக்கைத் தேய்த்து, வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் பக்கத்தையும் பார்த்துவிட்டு, இரும்புத்தூள் துளியும் தங்காமல் கழுவிய பிறகே பேரிங்குகளைப் பொருத்த வேண்டும்.