செக்‌ஷன் 5 மனுவும் 'கண்டோன்' பண்றதும்

சிவில் சைடு ஆபீஸ்ல ஜூனியரா சேர்ந்தா முதல்ல கைக்கு வர்ற டிராஃப்டிங் வேலைல ஒண்ணு கண்டோன் டிலே பெட்டிஷன், அதாவது தாமதத்தை மன்னிக்கக் கேக்கற மனு. பார்ட்டி கோர்ட்டுக்கு வராததால கேஸ் எக்ஸ்பார்ட்டி (ஒருதலைப்பட்சம்) ஆகி டிக்ரி (தீர்ப்பாணை) ஆயிருக்கும், அதை செட் அசைட் (ரத்து) பண்ண 30 நாள்தான் டைம், பார்ட்டி நம்மகிட்ட வர்றப்ப ஒரு வருஷத்துக்கு மேல ஓடிப்போயிருக்கும். அதனால செட் அசைட் மனுவோட சேர்த்து, இத்தனை நாள் தாமதத்தை கண்டோன் பண்ணுங்கன்னு 1963ம் வருஷ லிமிட்டேஷன் ஆக்ட் (காலவரையறைச் சட்டம்) செக்‌ஷன் 5ல இன்னொரு மனுவும் போடணும்.

தமிழ் மீடியத்துல படிச்சு வந்த எனக்கு இந்த வார்த்தை இங்கிலீஷ் பேப்பர்ல பார்த்த பழக்கம்தான். அங்க எப்பப் பாத்தாலும் 'மாட்டோம்'ங்கறதோட சேர்ந்துதான் வரும், வன்முறையை கண்டோன் பண்ண மாட்டோம்னு யாராவது அறிக்கை விடுவாங்க. தப்புக்கு உடந்தையா இருக்கற மாதிரி ஒரு வாடை அதுல இருக்கும். கோர்ட்ல போய் அதையே 'மே பி ப்ளீஸ்டு டு கண்டோன் த டிலே'ன்னு கேக்கறோமேன்னு எனக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சு, ஒருநாள் சீனியர்கிட்ட கேட்டே விட்டேன். "ஏம்மா, உன் பார்ட்டி பண்ணது சரின்னா கோர்ட் சொல்லுது? லேட்டு லேட்டுதான். அதைக் காரணமா வெச்சு கதவைச் சாத்த வேண்டாம்னு சொல்றாங்க, அவ்ளோதான். அங்க மன்னிக்கறது நாளை, ஆளை இல்ல"ன்னாரு.

அதுக்கப்புறம்தான் உக்காந்து அந்த வார்த்தையைத் தோண்ட ஆரம்பிச்சேன். லத்தீன்ல 'டோனாரே'ன்னா குடுக்கறது, டொனேஷன் வந்த அதே வேர், விட்டுக்குடுக்கறதுங்கற அர்த்தம் அங்கேர்ந்து வருது. இங்கிலாந்துல 1857ல விவாகரத்துச் சட்டம் வந்தப்பதான் இந்த வினைச்சொல் பரவலாச்சு, அந்த வாசனை நம்ம இந்து திருமணச் சட்டத்துல இன்னும் இருக்கு, செக்‌ஷன் 23ல கொடுமையை கண்டோன் பண்ணியிருந்தா அதைச் சொல்லி டைவர்ஸ் கேக்க முடியாதுன்னு வரும். அங்க மன்னிக்கறது கணவனோ மனைவியோ, லிமிட்டேஷன்ல மன்னிக்கறது கோர்ட். காலேஜ்ல அட்டெண்டன்ஸ் 75 பர்சென்ட் வராத பசங்க கட்டுற காண்டனேஷன் ஃபீஸும் இதே குடும்பம்தான். தமிழ்ல போடற மனுவுல 'தாமதத்தை மன்னித்து'ன்னு எழுதறோம், அது போதும், சரியாவே பொருந்துது.

ஆனா அர்த்தம் தெரிஞ்சா மட்டும் பத்தாது, எங்க போடலாம் எங்க போடக் கூடாதுங்கறதுதான் நிஜமான படிப்பு. ப்ரோநோட்டு (கடனுக்கு எழுதிக் குடுக்கற பத்திரம்) வெச்சு கேஸ் போட மூணு வருஷம், அது தாண்டின மறுநாள் போய் சூட்டையே (மூல வழக்கையே) தாமதத்தை மன்னிச்சு எடுத்துக்கங்கன்னு கேக்க முடியாது, செக்‌ஷன் 5 அப்பீலுக்கும் மனுவுக்கும்தான், சூட்டுக்குக் கிடையாது. கடன் குடுத்துட்டு உறவுக்காரன்னு இழுத்தடிச்சு வர்றவங்ககிட்ட இதைச் சொல்றப்ப அவங்க முகத்தைப் பாக்கவே கஷ்டமா இருக்கும். அப்பீல்ல சர்டிஃபைடு காபி (கோர்ட் சான்று போட்ட தீர்ப்பு நகல்) வாங்க ஆன நாள் இருக்கே, அதை செக்‌ஷன் 12ல கழிச்சுக்கணும், அதுக்கு யார் மன்னிப்பும் தேவையில்ல, அது நம்ம உரிமை. எக்ஸ்பார்ட்டிலயும் சம்மனே சரியா சார்வு ஆகலைன்னா (முறையாப் போய்ச் சேரலைன்னா) டிக்ரி ஆனது தெரிஞ்ச நாள்லேர்ந்துதான் 30 நாள். கழிக்க வேண்டிய நாளையெல்லாம் கழிச்சிட்டு மிச்சத்துக்குத்தான் கண்டோன். இந்தக் கணக்கைப் போடாம மொத்த நாளுக்கும் மன்னிப்புக் கேட்டா பார்ட்டி செய்யாத தப்பையும் செஞ்சதா நாமளே எழுதிக் குடுக்கற மாதிரி ஆயிடும்.

அடுத்தது காரணம். சட்டம் கேக்கறது 'சஃபீஷியன்ட் காஸ்', போதுமான காரணம். நம்ம ஊரு அஃபிடவிட்ல (பிரமாணப் பத்திரத்துல) ரொம்பப் பேருக்கு மஞ்சக்காமாலைதான் வரும், நாட்டு வைத்தியம் பார்த்தேன், படுத்த படுக்கையா இருந்தேன்னு. நிஜமாவே காமாலை வந்தவங்க இருக்காங்க, அவங்க சொல்றதையும் இப்ப யாரும் நம்பறதில்ல, அதுதான் எனக்குக் கோபம்.

ஒரு கொத்தனார் வந்திருந்தார், அவர் மேல போட்ட ப்ரோநோட்டுக் கடன் கேஸ் எக்ஸ்பார்ட்டி ஆயிருந்துச்சு. அவருக்குக் கேரளாவுல வேலை, சம்மனை வீட்ல இருந்த தம்பி கையெழுத்துப் போட்டு வாங்கி அரிசி டின் மேல வெச்சிட்டு சொல்ல மறந்துட்டான். ஒரே வீட்டுல இருக்கற வயசு வந்த குடும்ப ஆள் வாங்கினா பொதுவா அது சார்வுதான், அதனால தெரிஞ்ச நாள்லேர்ந்து எண்ணற வழி அடைச்சிருச்சு. அப்புறம் இ.பி. (டிக்ரியை நிறைவேத்தக் கேக்கற மனு) நோட்டீஸ் வந்து, வீட்டை ஜப்தி பண்ணிருவாங்கன்னு பயந்து ஓடி வந்தாரு. "வக்கீலம்மா, ஏதாச்சும் வியாதின்னு எழுதிருங்க, எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்களாம்"னாரு. வேணாம்ணே, நடந்ததைச் சொல்லுங்கன்னு உக்கார வெச்சேன். எந்த ஊர்ல சைட்டு, மேஸ்திரி யாரு, சம்பளம் எதுல வந்துச்சு, ஊருக்கு எப்பெப்ப வந்தீங்கன்னு கேக்கக் கேக்க பேங்க் பாஸ்புக்கும் ரயில் டிக்கெட்டும் ஒரு பிளாஸ்டிக் கவர்லேர்ந்து ஒவ்வொண்ணா வெளிய வந்துச்சு. தம்பியும் தனியா ஒரு அஃபிடவிட் குடுத்தாரு, சம்மன் வாங்கினது நான்தான்னு.

எத்தனை நாள்ங்கறதை விட ஏன்ங்கறது முக்கியம்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு. 1987ல அனந்த்நாக் கலெக்டர் எதிர் காதிஜி கேஸ், வெறும் நாலு நாள் லேட்டுக்கு ஹைகோர்ட் அப்பீலைத் தள்ளினதை மாத்தி, லேட்டா அப்பீல் போடறதால சாதாரணமா யாருக்கும் லாபம் கிடையாதுன்னு சொன்னாங்க. 1998ல பாலகிருஷ்ணன் எதிர் கிருஷ்ணமூர்த்தி, நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட்லேர்ந்து போன கேஸ், 883 நாள், அதையும் கண்டோன் பண்ணாங்க. 2012ல தபால் துறை 427 நாள் லேட்டா வந்து ஃபைல் டேபிள் டேபிளா சுத்துச்சுன்னு சொன்னப்ப முடியாதுன்னுட்டாங்க. 883 உள்ள போச்சு, 427 வெளிய நின்னுச்சு. இந்த மூணையும் ஜூனியரா வர்ற பிள்ளைங்ககிட்ட நான் இப்ப முதல்லயே படிக்கச் சொல்றேன்.

கொத்தனார் மனுவுக்கு எதிர்த்தரப்பு கவுண்டர் (மறுப்பு) போட்டாங்க, வேணும்னே இழுத்தடிக்கறார்னு. விசாரிச்சு, காஸ்ட் (செலவுத்தொகை) கட்டணும்ங்கற கண்டிஷனோட அலவ் ஆச்சு. "அப்ப கேஸ் ஜெயிச்சிட்டோமாம்மா?"ன்னாரு. இல்லண்ணே, லேட்டா வந்ததை மட்டும்தான் மன்னிச்சிருக்காங்க, கடன் இருக்கா இல்லையான்னு இன்னும் பாக்கவே இல்லன்னு விளக்கிச் சொன்னேன். குறிச்ச தேதிக்குள்ள காஸ்ட் கட்டி ரசீதை ஃபைல் பண்ணோம், செட் அசைட் மனுவும் அலவ் ஆச்சு. சூட் பழைய நம்பர்லயே திரும்ப எடுத்தாச்சு, ரிட்டன் ஸ்டேட்மென்ட் (எங்க பதிலுரை) போட்டாச்சு, ப்ரோநோட்ல இருக்கற கையெழுத்து அவரோடதான்னு எதிர்த்தரப்பு நிரூபிக்கணும், இப்ப வாதி சாட்சி குறுக்கு விசாரணைக்கு நிக்குது.