சரி தம்பி

பட்டியலில் அந்தப் பெயரை அடித்தது நான்தான். எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் பங்குச்சாமி அடிக்கச் சொல்லவில்லை. "பார்த்துச் செய்யுங்க உபதேசியாரே" என்றார், அவ்வளவுதான். 19 வருடமாகச் சாமிக்கு உதவியாக இந்த உபதேசியார் வேலையில் இருக்கிறேன், "பார்த்துச் செய்யுங்க" என்றால் என்ன அர்த்தம் என்று தெரியாதா என்று நினைத்துக்கொண்டேன். இப்போது அதுவும் சந்தேகமாக இருக்கிறது. ஒருவேளை உண்மையிலேயே போய்ப் பார்க்கத்தான் சொன்னாரோ என்னவோ.

ஆண்டவர் சீடர்களின் பாதம் கழுவியதை நினைத்து, பெரிய வியாழனன்று சாமி சிலருடைய பாதங்களைக் கழுவுவார். அந்தச் சடங்குக்கு ஆள் எடுப்பது லேசான காரியமில்லை. எங்கள் பங்கில் அன்பியங்கள், அதாவது பக்கத்துப் பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த குழுக்கள், 14. நாற்காலி 12. ஒவ்வொரு வருடமும் இரண்டு அன்பியங்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். இத்தனைக்கும் 12 பேர்தான் வேண்டும் என்று திருப்பலிப் புத்தகத்தில் எங்கும் இல்லை. யோவான் 13-ஆம் அதிகாரத்திலும் சீடர்களுடைய காலடிகள் என்றுதான் இருக்கிறதே தவிர எண்ணிக்கை கிடையாது. ஆனால் 13-வது நாற்காலி போட்டுப் பாருங்கள், அப்புறம் தெரியும்.

அந்த வருடம் ஓர் அன்பியத்திலிருந்து ஒரு பெரியவரின் பெயர் வந்தது. வலது கால் யானைக்கால். கும்பகோணத்தையும் யானைக்காலையும் சேர்த்துக் கேலி பேசிய தலைமுறை எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறது. பெயர் வந்த அன்றைக்கே ஓர் அம்மா வந்து, "எல்லாருக்கும் ஒரே துண்டுலதான் தொடைப்பாங்களா உபதேசியாரே?" என்று கேட்டார். அது கொசுவால் வருவது, தொட்டால் ஒட்டாது என்று எனக்குத் தெரியும். சுகாதாரத் துறையிலிருந்து வீடு வீடாக மாத்திரை கொடுக்க வந்த வருடங்களில் மறைக்கல்விப் பிள்ளைகளை உட்கார வைத்து நானே இதைச் சொல்லியிருக்கிறேன். அந்த அம்மாவிடம் சொல்லவில்லை. "பாத்துக்கலாம்மா" என்றேன். எல்லாம் அந்த "பாத்துக்கலாம்"-இல்தான் தொடங்கியது என்று சில நாள் தோன்றும்.

மறுநாள் சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த பிளாஸ்டிக் பேசின், மக்கு, சோப்பு. அந்த நோய்க்கு வீட்டில் செய்கிற வைத்தியமே அதுதான், தினமும் கழுவுவது. எனக்கு அதுவரை தெரியாது. சோப்பு நுரையைக் கையில் எடுத்து, தோல் மடிந்திருக்கிற ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் விரல் விட்டு, குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி மெதுவாகத் தேய்த்தார். அப்புறம் ஒரு பழைய வெள்ளைத் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தார். விரல் இடுக்கில் ஈரம் நின்றால் புண் வந்து காய்ச்சல் அடிக்குமாம். "ரெண்டு வேளையும் தம்பி, ஒரு நாள் விட மாட்டேன்" என்றார்.

அந்த இடத்திலேயே நான் திரும்பி வந்திருக்கலாம்.

வரவில்லை. ஒத்திகை பார்த்துக்கொண்டு போனதை எல்லாம் சொன்னேன். பீடத்துக்கு முன்னால் எல்லாரும் பார்ப்பார்கள், இப்போது யூடியூபிலும் போகிறது, சின்னப் பிள்ளைகள் ஏதாவது சிரித்து வைக்கும், உங்களுக்குத்தான் சங்கடம் என்றேன்.

"எனக்கென்ன தம்பி சங்கடம்?" என்றார். வாதாடுகிற குரல் இல்லை. நிஜமாகவே கேட்டார்.

பதில் சொல்லத் தெரியாமல் வேதத்தை எடுத்தேன். விருந்துக்குப் போனால் கடைசி இடத்தில் உட்காரச் சொல்லித்தானே ஆண்டவர் சொல்லியிருக்கிறார், தாழ்ச்சிதானே பெரிசு என்றேன். என் தொழிலில் உள்ள சௌகரியம் இது. பதில் இல்லாத இடத்தில் எடுத்துப் போட ஒரு வசனம் கைவசம் இருக்கும்.

அவர் சிரித்தார். "நான் எப்பவும் கடைசி பெஞ்சுதானே தம்பி. கால நீட்ட அங்கதானே எடம்?" அப்புறம், "சரி தம்பி. நீங்க சொன்னா சரிதான்."

இந்த "சரி தம்பி"யைத்தான் இத்தனை நாளாக உருட்டிக்கொண்டிருக்கிறேன். கோபத்தில் வந்த சரி என்றால் நிம்மதியாக இருந்திருக்கும், போய் மன்னிப்புக் கேட்டு முடித்திருப்பேன். அவரோ சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து துணியால் ஒற்ற ஆரம்பித்தார்.

என் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தால் அவருக்கு வீக்கம் கூடும். சாமிக்கும் முழங்கால் வலி, குனிந்து நிமிர ஒவ்வொரு தடவையும் நாற்காலி விளிம்பைப் பிடிக்கிறார். எல்லார் நடுவிலும் அந்த அம்மா மாதிரி யாராவது ஒரு சொல் சொல்லிவிட்டால் பெரியவர் மனசு என்ன பாடுபடும்? இதெல்லாம் பொய்யில்லை. ஆனால் வீக்கத்தைப் பற்றி அன்றைக்கு அவரிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால், காலைத் தூக்கி வைக்க ஒரு ஸ்டூல் போடுங்க தம்பி என்று சொல்லியிருப்பார். அந்தக் காரணம் வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

இன்னொன்று. 2016 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் பெண்களுடைய பாதங்களையும் கழுவலாம் என்று சடங்கை மாற்றியபோது, எங்கள் பங்குப் பேரவையில் அதற்காகச் சண்டை போட்டவன் நான். அதுவரை ஆண்கள் என்றுதான் விதி. ஆண்களும் பெண்களும், இளையோரும் முதியோரும், நலமுள்ளவர்களும் நோயுற்றவர்களும் என்று உரோமையிலிருந்து வந்த விளக்கத்தை எழுந்து நின்று வாசித்தேன். ஜெயித்தேன். அந்த வருடத்திலிருந்து நாலு நாற்காலியாவது பெண்களுக்கு. எனக்கு அதில் உள்ளூரப் பெருமையும் உண்டு. நோயுற்றவர்கள் என்ற சொல்லும் அதே வாக்கியத்தில்தான் இருந்தது, என் வாயால்தான் வாசித்தேன்.

பெரிய வியாழனுக்கு முந்தின ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் ஒரு பெண் பிள்ளை, சீடர் பேதுரு ஏன் ஆண்டவரைத் தன் காலைக் கழுவ விட மாட்டேன் என்றார் என்று கேட்டாள். தாழ்ச்சியால் என்று சொல்லிவிட்டேன். தாழ்ச்சியா அது? தாழ்ச்சி என்றால் ஆண்டவர் ஏன் அவரைக் கண்டிக்க வேண்டும்? கழுவாவிட்டால் என்னோடு பங்கில்லை என்று ஏன் சொல்ல வேண்டும்? எது எப்படியோ, பேதுரு தன்னுடைய காலைத்தான் வேண்டாம் என்றார்.

லூக்காவில் அந்த விருந்துக் கதையும் நான் சொன்ன இடத்தோடு நிற்கவில்லை. கடைசி இடத்தில் இருப்பவரிடம் விருந்துக்கு அழைத்தவர் வந்து, மேலே வாரும் என்று கூப்பிடுகிறார். பெரியவர் வருடக்கணக்காகக் கடைசி பெஞ்சில்தான் இருந்தார். மேலே வாங்க என்று அவர் அன்பியம் கூப்பிட்டது. நான் வேலை மெனக்கெட்டுப் போய் மறுபடி உட்கார வைத்துவிட்டு வந்தேன்.

அன்றைக்குச் சடங்கு நன்றாகவே நடந்தது. தண்ணீரை வெதுவெதுப்பாக்கி வைத்தது நான். 12 பேரும் வீட்டிலேயே நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வருவார்கள், ஒருத்தர் பவுடர்கூடப் போட்டிருந்தார். சாமி ஒவ்வொருவருடைய வலது காலிலும் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றி, துடைத்து, முத்தி செய்தார். பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. அந்த 12-வது நாற்காலியில் யார் இருந்தார் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. என் மச்சான். திருப்பூரிலிருந்து லீவுக்கு வந்திருந்தார். கடைசி நேரத்தில் வேறு ஆள் கிடைக்கவில்லை, அதுதான் உண்மை. வெளியிலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்பதும் தெரியும்.

இரவு நற்கருணை ஆராதனையில் பெரியவர் இருந்தார். கடைசி பெஞ்சில், காலை நீட்டிக்கொண்டு. அவர் அன்பியத்தின் முறை முடிந்த பிறகும் எழுந்து போகவில்லை. போகும்போது என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நானும் அசைத்தேன்.

மறு வருடம் அவர் பெயரை முதலில் எழுதிக்கொண்டு போய்க் கேட்டேன். "இந்த வருசம் வேணாம் தம்பி, வேற யாருக்காவது குடுங்க" என்றார். சொல்லிக் காட்டினாரா, பெருந்தன்மையா, இல்லை உடம்புக்கு முடியவில்லையா? அவர் முகத்தைப் பார்த்து எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. வற்புறுத்தவும் இல்லை. வற்புறுத்தினால் மறுபடி "சரி தம்பி" என்பாரோ என்று பயம்.

இந்த வருடப் பட்டியல் இன்னும் எழுதவில்லை. ஆசாரியிடம் கால் வைக்க ஒரு குட்டை ஸ்டூல் மட்டும் செய்யச் சொல்லியிருக்கிறேன், உயரம் நாற்காலிக்குச் சரியாக. யாருக்கு என்று கேட்டார். கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு வந்தேன்.